தோர்ன்ஹோய்க் குன்றும் மேரிசெலினின் தாடியும்

டென்மார்க்காரரிடம் இல்லாத பொருள் ஒன்று உண்டென்றால் அது மலை. இல்லை என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள். எண்பத்து நான்கு மீற்றர் உயரத்தில் ஒரு மேடு இருந்தால் போதும். அதற்கு மலை என்று பெயர் வைத்து, சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறி, உச்சியில் நின்று மூச்சு வாங்கிப் படம் எடுப்பார்கள். சிரிப்போம் என்றால் யாழ்ப்பாணத்தில் இருந்து போனவர்களுக்கு அந்த யோக்கியதையும் கிடையாது. நம்முடைய ஊரில் அந்த எண்பத்து நான்கும்தான் எங்கே இருக்கிறது? கிணறு வெட்டிய மண்ணைக் குவித்தால் அதுதான் நமக்குக் குன்று.

ஹோர்சன்ஸுக்கும் கோல்டிங்குக்கும் இடையில் அப்படியொரு மேட்டின் தலையில் தோர்ன்ஹோய் என்ற சிறு பட்டணம் குந்திக்கொண்டிருந்தது. எழுநூறு வருடப் பழைய ஊர். பேருந்து அடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து உருளைக்கல் பதித்த ஒற்றைத் தெருவில் வளைந்து வளைந்து ஏற வேண்டும். இரு பக்கமும் கறுப்பு மரச்சட்டமும் மஞ்சள் சுவருமாக வீடுகள். நேராக நிற்பது ஒன்றுகூட இல்லை. உச்சியில் சந்தைச் சதுக்கம், நடுவில் ஒரு கிணறு, கிணற்றுக்கு எதிரே தேவாலயம், அதன் கோபுரத்தில் தொண்ணூற்றாறு படி. ஏறி நின்றால் கீழே நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் கடலும், அதில் போகிற பாய்மரப் படகுகளும், வெயில் நாளில் தூரத்துத் தீவும் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, அழகான ஊர்தான்.

இந்த உச்சிக்கு 1984ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்துக் குளிரில், இரவல் மேலங்கி ஒன்றுக்குள் நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தவள் மேரிசெலின். வயது நாற்பத்திரண்டு. சொந்த ஊர் பாசையூர். கூடவே கணவன் அந்தோனிதாசன். அவருக்கு அடிவாரத்தில் யன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மேரிசெலினுக்குக் கொம்யூன், அதாவது நகரசபை, துப்புரவு வேலை ஒன்று கொடுத்தது. காலை ஆறு மணி தொடக்கம் பத்து மணி வரை தேவாலயமும் சுற்றுலாச் சங்கத்தின் அலுவலகமும் அவள் பொறுப்பு. பின்னேரம் ஹோர்சன்ஸில் மொழி வகுப்பு.

வேலையில் அவளுக்குக் குறையில்லை. குறை எல்லாம் வாய்க்குத்தான். பாசையூரில் மேரிசெலின் வாயைத் திறந்தால் மீன் வாங்க வந்தவர்கள் மீனை மறந்து நின்று கேட்பார்கள். அவளுடைய தகப்பன் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். நாலு மாதம் முற்றத்தில் நடக்கிற ஒத்திகைப் பழக்கத்தைக் காதால் கேட்டே, ஒன்பது வயதில் அவளுக்கு ராசாவின் வரி, மந்திரியின் வரி, சாத்தானின் வரி எல்லாம் தலைகீழ்ப் பாடம். மேடையில் ஏறுவது ஆண்கள்தான். ராணி வேடம்கூட மீசையை வழித்த ஓர் ஆளுக்குத்தான் போகும். ஆகவே திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, வரி மறந்து முழிக்கிற ராசாக்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு வாய்த்தது. அப்படிப்பட்ட வாய் இங்கே வந்து நாள் முழுக்கச் சொல்வது "கொடே" என்றொரு வணக்கமும் "தக்" என்றொரு நன்றியும். தேவாலயத்தில் சனம் உட்காருகிற வாங்குகளைத் துடைக்கும்போது அவற்றோடு தமிழில் கதைத்துப் பார்த்தாள். வாங்கு பதில் சொல்லவில்லை.

வீட்டிலும் அதே கதிதான். அந்தோனிதாசன் நல்ல மனிதர், ஆனால் எட்டு மணித்தியாலம் காதை மூடிக்கொண்டு இயந்திரத்தோடு நின்றவர். சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் கண் சொருகிவிடும்.

"இஞ்சாருங்கோ, இப்பிடியே இருந்தனெண்டால் எனக்கு விசர் பிடிச்சிடும். கதைக்கிற வேலை ஒண்டு வேணும்" என்றாள் ஒருநாள்.

"கதைக்கிறதுக்கு ஆரப்பா சம்பளம் குடுப்பினம்?"

"அந்தத் தாடிக்காரனுக்குக் குடுக்கினமே!"

தாடிக்காரன் என்பது ஸ்வென்ட். ஓய்வுபெற்ற தபாற்காரர், ஊரைச் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டி. வைகாசியில் இருந்து புரட்டாதி வரை, ஞாயிறு தவிர்ந்த நாள்களில், சரியாகப் பத்து மணிக்குக் கிணற்றடியில் நின்று தொண்டையைச் செருமுவார். அவருடைய வெள்ளைத் தாடி வயிறு வரை வரும். ஐம்பது நிமிடம் அவர் பேசப் பேச, பேருந்தில் வந்த சனம் வாயைப் பிளந்துகொண்டு பின்னால் நடக்கும். மேரிசெலினின் வேலை முடிவதும் பத்து மணி. அவளுடைய பேருந்து வருவதோ பதினொன்றேகாலுக்கு. இடையில் என்ன செய்வது? 1985 கோடையில் அவளும் கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டாள். முதல் நாள் ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, அந்தக் குரல் ஏறுவதும் இறங்குவதும், சரியான இடத்தில் நிறுத்திக் கையை நீட்டுவதும் அவளுக்கு நன்றாக விளங்கியது. இது கூத்தல்லவா! மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள்.

கோடை முடியும்போது ஸ்வென்டின் ஐம்பது நிமிடமும் அவளுக்குள் இறங்கிவிட்டது. செருமல் உட்பட. யாழ்ப்பாணத்தில் நாம் படித்த படிப்பே அப்படித்தானே. முதலில் பாடமாக்கு, விளக்கம் பிறகு வரும். மேரிசெலினுக்குக் கால்வாசி விளக்கம் வந்திருந்தது. மொழி வகுப்பில் ஆசிரியை தலையைப் பிய்த்துக்கொண்டாள். ரொட்டி விற்கிற பாண் கடையில் என்ன கேட்பாய் என்றால் இந்த மாணவி முழிக்கிறாள். ஆனால் "ஆண்டவருடைய ஆயிரத்து இருநூற்று எழுபத்தாறாம் ஆண்டில் அரசர் இம்மேட்டுக்குப் பட்டண உரிமை வழங்கினார்" என்று பாதிரியார் போல முழங்குகிறாள்!

சமையலும், மணிக்கூட்டைப் பார்க்காமல், அந்தப் பாடத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லியே நடந்தது. பழைய நகரவாசலில் அரிசியைப் போடுவாள். ரொட்டி சுடுகிறவனின் அடுப்பில் இருந்து கிளம்பிய தீ பாதி ஊரைத் தின்ற இடத்தில் வெங்காயம் வதங்கும். கறுப்புச் சாவு வந்து நாலு வீட்டில் மூன்று வீடு பூட்டப்படும்போது சோற்றை வடிப்பாள். சுவீடன்காரப் படை மேடேறி வர, ஊரார் தேவாலயத்து மணியைக் கழற்றிக் கிணற்றுக்குள் இறக்கி ஒளித்து, படை போனபின் இழுத்தெடுத்தால் மணியில் வெடிப்பு விழுந்து, இன்றுவரை அது தகரவாளி மாதிரிச் சத்தம் போடுகிறதே, அந்த இடத்தில் மீன்குழம்பு இறக்கும் பதம். ஒருபோதும் பிழைத்ததில்லை.

1986 வசந்தத்தில் ஊருக்குள் ஒரு கதை அடிபட்டது. ஸ்வென்டுக்கு இதுதான் கடைசி வருடம். அவருக்குப் பிறகு ஆள் இல்லை. சுற்றுலாச் சங்கத்தின் தலைவர் மொல்லர், சப்பாத்துக் கடை முதலாளி, பதிந்த பேச்சை ஒலிக்கிற, கழுத்தில் மாட்டுகிற சின்னக் கசெற் பெட்டி ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்து எல்லாருக்கும் காட்டினார். இது இருமாது, இதற்கு முழங்கால் நோகாது, மழைக்கு ஒதுங்காது. வருகிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு தாங்களே சுற்றிப் பார்க்கட்டும் என்றார்.

மேரிசெலின் தூசி துடைக்கிற சாட்டில் அந்தப் பெட்டியை ஒருதரம் தூக்கிப் பார்த்தாள். இந்த நாட்டில் தன் வாய்க்கென்று இருக்கிற ஒரேயொரு வேலையை ஒரு தகரப்பெட்டி கொண்டுபோகப் போகிறதே! அலுவலகத்தில் இருக்கிற இங்கரிடம் போனாள். இங்கர் நல்ல பெண், முப்பது வயதுக்குள், எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். மேரிசெலின் இரவிரவாகக் கோத்து வைத்திருந்த சொற்களை எடுத்துவிட்டாள்:

"நான். பேச முடியும். ஸ்வென்ட் போல."

இங்கர் சிரித்தாள். அன்பாகத் தோளில் தட்டினாள். தட்டில் இருந்த பிஸ்கற்றில் இரண்டை எடுத்துக் கையில் வைத்தாள். அவ்வளவுதான்.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மேரிசெலின் அலுவலகத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். தொலைபேசி அடித்தது. எடுத்த இங்கரின் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. ஸ்வென்ட் முதல்நாள் தன் தோட்டத்தில் செரிப்பழம் ஆய ஏணியில் ஏறி, பழத்தோடு கீழே வந்துவிட்டாராம். கணுக்கால் முறிவு. சதுக்கத்திலோ சில்க்போர்க்கில் இருந்து வந்த ஓய்வூதியர் கழகம், நாற்பத்தாறு பேர், கிணற்றைச் சுற்றி நிற்கிறார்கள். அடிவாரத்தில் இறங்கி, தடியும் கையுமாக அவ்வளவு தூரம் ஏறி வந்த சனம். மணி பத்துக்கு மூன்று நிமிடம். இங்கர் மொல்லரின் கடைக்கு அழைத்தாள். பிறகு பாதிரியாருக்கு அழைத்தாள். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

மேரிசெலின் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள். வேலைக்குப் போடுகிற மேலுடுப்பைக் கழற்றினாள். பின்னலை முன்னால் எடுத்துச் சரி செய்தாள். "நான் போறேன்" என்று டேனிஷில் சொன்னாள். வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்த இங்கர், தொலைபேசியைக் காதில் வைத்தபடியே தலையாட்டினாள்.

கிணற்றடியில் போய் நின்று மேரிசெலின் தொண்டையைச் செருமினாள். ஸ்வென்டின் செருமல், அச்சு அசல். நாற்பத்தாறு தலையும் திரும்பியது.

"சீமான்களே, சீமாட்டிகளே, தோர்ன்ஹோய்க்கு நல்வரவு!"

பெயரை மாற்ற வேண்டும் என்ற புத்தி அவளுக்கு இருந்தது. தன் பெயரையே சொன்னாள். அதற்கப்பால் எதையும் மாற்றவில்லை. எது எது ஸ்வென்டின் சொந்தக் கதை, எது ஊரின் கதை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"இக்கிணற்றின் ஆழம் முப்பத்தொரு மீற்றர். கல்லைப் போடுங்கள், என்னோடு சேர்ந்து எண்ணுங்கள்!" கல் போட்டார்கள், எண்ணினார்கள். அடியில் இருந்து "களுக்" என்று கேட்டதும் கைதட்டினார்கள். சனம் கைக்குள் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் வளைந்து நின்ற ஒரு வீட்டுக்கு நடத்திப் போனாள். "நான் பிறந்தது இதோ இந்த மஞ்சள் வீட்டில்தான். என் தகப்பனும் பாட்டனும் பிறந்ததும் இதே வீட்டில்."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. பின்னால் நின்ற ஒரு கிழவர் "அப்படியா!" என்றார். மேரிசெலின் கம்பீரமாகத் தலையசைத்துவிட்டு நகரவாசலுக்கு நடந்தாள். தீ எரிந்தது, கறுப்புச் சாவு வந்து போனது, சுவீடன்காரர் வெண்ணெய் கேட்டு மிரட்டினார்கள். எல்லாம் ஒரு மூச்சுப் பிசகாமல் வந்தது. கோபுரத்தின் முதற்படியில் கால் வைத்து, ஸ்வென்ட் செய்வதுபோலவே நாடியைத் தடவிவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"இந்தத் தொண்ணூற்றாறு படியையும் ஏறி ஏறித்தான் என்னுடைய தாடி நரைத்தது."

ஐயோ, அந்தச் சிரிப்பை என்னவென்று சொல்வது! ஸ்வென்டுக்கு இந்த இடத்தில் நாலு பேர் சிரிப்பார்கள். இங்கே நாற்பத்தாறு பேரும் தடியை ஊன்றிக்கொண்டு குலுங்கினார்கள். ஒருத்தி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். மேரிசெலினுக்குத் தலைகால் புரியவில்லை. திரைக்குப் பின்னால் இருந்து வரி எடுத்துக் கொடுத்த காலமெல்லாம் அவள் கேட்க ஏங்கிய சத்தம் அது. சந்தோசத்தில் கண் நிறைந்துவிட்டது.

தேவாலயத்துக்குள் போனார்கள். "இத்தொட்டியில்தான் எனக்கு ஞானஸ்நானம். இந்தப் பீடத்தின் முன்னால்தான், முப்பத்தொன்பது வருடங்களுக்கு முன், கிர்ஸ்டனின் கையைப் பிடித்தேன். அன்றுமுதல் கிர்ஸ்டனின் ஆட்சியில்தான் வாழ்கிறேன்."

எந்தக் கோவிலுக்கும் ஒரு பாதுகாவலர் இருப்பார்தானே. கிர்ஸ்டன் இந்தக் கோவிலின் புனிதை என்று மேரிசெலின் ஒரு வருடமாக நம்பியிருந்தாள். ஆகையால் பெயரைச் சொன்னதும் பக்தியோடு சிலுவை அடையாளம் போட்டாள். இந்தமுறை சிரிப்பில் கூரையே அதிர்ந்தது. முன்வரிசையில் நின்ற பருத்த கிழவி ஒருத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அதுக்குக் கிர்ஸ்டன் என்ன சொல்கிறாள்?"

கேள்வி! ஸ்வென்டின் பாடத்தில் இந்த இடத்தில் கேள்வி இல்லை. மேரிசெலின் பீடத்தைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். அடுத்த வரி எது? மணியா, சுவீடனா? ஒன்றும் வரவில்லை. நாற்பத்தாறு முகம் பார்த்துக்கொண்டிருந்தது. வரி மறந்தால் நிற்காதே, காலை அசை என்று தகப்பன் ராசாக்களுக்குத் திட்டித் திட்டிச் சொன்னது அவளுக்குத் தெரியும். அசைந்தாள். மூன்றாம் வாங்கடிக்குப் போய் முழந்தாளிட்டு, அங்கே விரித்திருந்த கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினாள்.

தரையில் பதித்த பழைய செங்கல் ஒன்று. அதில் ஒரு குழந்தையின் காலடி. ஐந்து விரலும் தெளிவாக. பக்கத்துக் கல்லில் ஒரு நாய்க்குட்டியின் கால்.

"நான் கழுவுறது. நான் பாக்கிறது. ஒருத்தரும் பாக்கேல்லை," என்றாள், தட்டுத்தடுமாறிய சொந்த டேனிஷில். "கல்லு ஈரம். பிள்ளை ஓடுது. நாய் ஓடுது பின்னால. அம்மா கத்துறா. பிறகு கல்லு சுடுறது. எழுநூறு வருசம். இன்னும் ஓடுது."

சிரிப்பு நின்றுவிட்டது. பருத்த கிழவி வாங்கைப் பிடித்து மெல்ல மெல்ல முழங்காலில் இறங்கி, அந்தச் சின்னக் காலடிக்குள் தன் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு எல்லாருமே ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். மேரிசெலினுக்கு அடுத்த வரி ஞாபகம் வந்தது. எழுந்து பாடத்தை முடித்தாள்.

கைதட்டல் சதுக்கம் முழுக்கக் கேட்டது. அலுவலக வாசலுக்கு ஓடிவந்த இங்கர் கிழவர் ஒருவரிடம் விசயத்தைக் கேட்டு அறிந்து, சிரித்துச் சிரித்து மேசையில் கவிழ்ந்தாள். உடுப்பை எடுக்கத் திரும்பி வந்த மேரிசெலின், ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாள். இங்கர் ஒரு தாளை எடுத்தாள். ஒரு முகம் கீறினாள். அந்த முகத்தில் ஒரு நீளத் தாடி கீறினாள். பிறகு ஒரு மணப்பெண்ணைக் கீறி, அதற்குக் கீழே கிர்ஸ்டன் என்று எழுதினாள்.

மேரிசெலினின் முகம் கறுத்தது. மேலுடுப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பேருந்துக்கும் நிற்கவில்லை. மொழி வகுப்புக்கும் போகவில்லை.

பின்னேரம் அந்தோனிதாசன் வந்தபோது வீட்டில் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது, அடுப்பு மூட்டவில்லை. விசயத்தைக் கேட்ட மனிதர், முதலில் முகத்தைப் பாவமாகத்தான் வைத்துக்கொண்டார். பிறகு உதடு துடித்தது. பிறகு தாங்க முடியவில்லை.

"பொம்பிளைக்குத் தாடி… அதோடை கலியாணமும்… அதுக்குக் குருசு வேறை போட்டனியே!"

அகப்பை பறந்து வந்தது. நல்லவேளை குனிந்துவிட்டார்.

"சிரியுங்கோ! ஊரே சிரிச்சது, நீங்களும் சிரியுங்கோ! நான் நல்லாச் சொல்லுறன் எண்டெல்லோ நினைச்சனான். அதுகள் என்னைப் பாத்துச் சிரிச்சதுகள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல கிடக்கு."

"சரியப்பா, சரியப்பா. நாளைக்கு வேலைக்குப் போவியே?"

"போவன். ஆறுக்குப் போய் ஒம்பதுக்கு ஓடி வந்திடுவன். ஒருத்தற்றை முகத்திலையும் முழிக்கேலாது. கதைக்கிற வேலையாம், கதைக்கிற வேலை! எனக்கு எழுதினது தும்புத்தடி."

அழுதாள். உண்மையாகவே அழுதாள். அந்தோனிதாசனுக்கு அப்போதுதான் சிரிப்பு முழுதாக நின்றது. அவர் அன்று முட்டை பொரித்துப் பாணோடு வைத்தார், அவள் தொடவில்லை.

மூன்றாம் நாள், ஸ்வென்ட் அவளைத் தன் வீட்டுக்கு வரச் சொல்கிறார் என்று இங்கர் சொன்னாள். போச்சு, மனிதருடைய கதையைக் களவெடுத்ததற்கு ஏசப் போகிறார் என்று மேரிசெலின் முடிவு கட்டினாள். தட்டைவடை சுட்டு ஒரு பேணியில் போட்டுக்கொண்டு, மன்னிப்புக்கு வேண்டிய மூன்று டேனிஷ் வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தது கதவளவு உயரமான ஒரு பெண்மணி. மேலும் கீழும் பார்த்தாள்.

"நான்தான் கிர்ஸ்டன். என்னை நீ கலியாணம் செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்."

மேரிசெலினுக்குப் பாடமாக்கிய மூன்று வசனமும் பறந்துவிட்டது. கிர்ஸ்டனோ அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டியிருந்த கணவனுக்கு முன்னால் இருத்தினாள். ஸ்வென்ட் ஒரு வடையைக் கடித்தார். காரத்தில் கண் கலங்கியது. இன்னொன்றை எடுத்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். அவளுக்கு விளங்காத இடங்களைக் கிர்ஸ்டன் நடித்துக் காட்டினாள்.

"நீ பிறந்த அந்த மஞ்சள் வீடு இருக்கிறதே, நான் அதில் பிறக்கவில்லை. நான் ஓடன்ஸ நகரில் பிறந்தவன். இங்கே வந்தது முப்பது வயதில்."

மேரிசெலினுக்கு விளங்கட்டும் என்று கிர்ஸ்டன் விரலால் மூன்று பத்துக் காட்டினாள்.

"எனக்கு முன்னால் வழிகாட்டியாக இருந்தவர் பள்ளிக்கூட ஆசிரியர். அவர்தான் அந்த வீட்டில் பிறந்தார். அவர் சொல்வதைப் பின்னால் நடந்து கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினேன், உன்னைப் போலவே. தாடியும் அவருடையதுதான். நான் அப்போது மழுமழுவென்று வழித்த ஆள். முதல் நாள் வாய் தவறித் தாடி வரியையும் சொல்லிவிட்டேன், ஊரே சிரித்தது. அந்த வெட்கத்தில்தான் வளர்த்தேன்."

"அப்ப… கிர்ஸ்டன்?" என்று கேட்டாள் மேரிசெலின்.

"அது மட்டும் என்னுடையது. அவர் மாரன் என்று சொல்வார்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. மூன்று பேரும் சிரித்தார்கள். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் மேரிசெலினுக்கு அந்தச் சிரிப்போடு உருண்டு போயிற்று. ஸ்வென்டின் முகம் மாறியது.

"இருபத்திரண்டு வருடம் அந்தக் கோவிலுக்குள் நடந்தேன். அந்தப் பிள்ளையின் காலடி இருந்தது எனக்குத் தெரியாது. அதன்மேல்தான் நின்றிருப்பேன்." அவர் வடைப் பேணியை மூடி ஒருபக்கம் வைத்தார். "உனக்கு அந்த இடம் வேண்டுமா?"

"வேணும்," என்றாள் மேரிசெலின். இந்தச் சொல்லுக்கு அவளுக்குப் பாடம் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை சங்கத்தின் கூட்டம். அக்குளில் இடுக்கிய கவக்கட்டையில் தொங்கிக்கொண்டு ஸ்வென்ட் வந்தார். இங்கர் கோப்பி வைத்தாள். மேரிசெலின், அந்தோனிதாசனின் திருமணக் கோட்டு ஒன்றைத் தவிர வீட்டில் இருந்த எல்லா நல்ல உடுப்பையும் போட்டுப் பார்த்து, கடைசியில் நீலச் சேலை உடுத்தி வந்திருந்தாள். மொல்லர் அவளைக் கண்டதும் எழுந்து கை கொடுத்தார். முகமெல்லாம் பல்.

சில்க்போர்க் கழகம் தொலைபேசியில் பாராட்டியதாம். அவர்கள் சொல்லி இன்னும் மூன்று கழகம் அந்தப் பெண்மணிதான் வேண்டும் என்று கேட்கிறதாம். அற்புதம் என்றார் மொல்லர். மேரிசெலின் சேலைத் தலைப்பைச் சரி செய்து நிமிர்ந்து இருந்தாள். அந்த நேரம் பார்த்து மொல்லர் பையைத் திறந்து ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"ஒரே ஒரு தடவை இதற்குள் சொல்லுங்கள். அந்தக் காலடிக் கதையையும் சேர்த்து. ஐம்பது கசெற் எடுத்துவிடலாம். உங்கள் குரல்தான், ஆனால் நீங்கள் மேடேற வேண்டாம், மழையில் நனைய வேண்டாம். எவ்வளவு வசதி!"

அவர் உண்மையாகவே அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்தார், அதுதான் கொடுமை. இங்கரின் சிரிப்பு மறைந்தது. ஸ்வென்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேரிசெலின் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். அவளுடைய வாயையே பிடுங்கி அந்தப் பெட்டிக்குள் போட்டு, மிச்ச ஆளைத் தும்புத்தடியோடு வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. எரிச்சலில் டேனிஷ் எங்கிருந்தோ வந்தது.

கருவியைத் தன் பக்கம் இழுத்தாள். குனிந்து, அதன் துளைகளுக்குள், வயதுபோன பெரியவர் ஒருவருடைய அவசரக் குரலில் கேட்டாள்:

"மன்னிக்கவும், இங்கே கழிப்பறை எங்கே?"

கருவி சும்மா இருந்தது. அவள் காதை வைத்துக் கேட்டாள். மொல்லரைப் பார்த்தாள். மறுபடி, இன்னும் அவசரமாகக் கேட்டாள்:

"சீக்கிரம் சொல்லுங்கோ, பெரியவருக்குத் தாங்க முடியேல்லை. கழிப்பறை எங்கே?"

இங்கர் கோப்பியைத் துப்பிவிட்டாள். ஸ்வென்ட் கவக்கட்டையால் தரையில் இடித்து இடித்துச் சிரித்தார். மொல்லர் மட்டும் சிரிக்கவில்லை. ஓய்வூதியர் கழகங்கள் வருகிற ஊரின் சங்கத் தலைவர் அவர். தன் கடைக்குள் நாளுக்குப் பத்துப் பேர் சப்பாத்து வாங்குவதற்கு அல்லாமல் எதற்காக ஓடி வருகிறார்கள் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கருவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கிப் பைக்குள் போட்டார்.

"தாடியை மட்டும் எடுத்துவிடுங்கள்," என்றார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கால்வரை மழையங்கியும் அதற்குள் நீலச் சேலையுமாக, மேரிசெலின் கிணற்றடியில் நின்றாள். தூறல். ஹோர்சன்ஸில் இருந்து வந்த கூட்டம் மேடேறி வந்து சேர்ந்தது. அவள் தொண்டையைச் செருமுவதற்கு முன்பே, தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் காதுக்குள் கேட்டார். கேட்டது அதையேதான்.

"ஓம், வாங்கோ, வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள் தமிழில், பதற்றத்தில். பிறகு அவர் கையைப் பிடித்துச் சதுக்கத்தைக் கடந்து நடந்தாள். நடக்கிற தூரம் முழுக்க, ஆயிரத்து இருநூற்று எழுபத்தாறாம் ஆண்டில் இந்த மேட்டில் கழிப்பறை எப்படி இருந்திருக்கும் என்று டேனிஷில் அவருக்குச் சொல்லிக்கொண்டே போனாள். யாருடைய பாடத்திலும் இல்லாத கதை அது. மிச்ச நாற்பது பேரும், எங்கே போகிறோம் என்றே கேட்காமல், பின்னால் நடந்தார்கள்.